500 விஏ டொரோயிட் ஓன் பண்ணேக்க பியூஸ் போகுது: ஸ்லோ புளோ எண்டா எத்தினை அம்பியர்?

#1 கப்பாசிட்டர்_தம்பி (வெள்ளவத்தை)

பவர் அம்ப் ஒண்டுக்கு சப்ளை கட்டியிருக்கிறன். 500 விஏ டொரோயிட் (வளைய இரும்புக் கோர் டிரான்ஸ்போமர்), செகண்டரி 35-0-35 வோல்ட், ஏசியை டிசி ஆக்க 35 அம்பியர் பிரிட்ஜ், ஒவ்வொரு ரெயிலுக்கும் (பிளஸ், மைனஸ் டிசி லைன்) 10,000 மைக்ரோ ஃபரட் கப்பாசிட்டர் ரெண்டு. பிரைமரியில 5×20 கண்ணாடி பியூஸ், ‘எஃப் 3.15 ஏ’ (வேகமாப் போற வகை). சுவிட்சைத் தட்டேக்க சில நேரம் ஒரு பிரச்சினையும் இல்லை, சில நேரம் தட்டின கணமே போயிடும். ஓன் ஆகிட்டுது எண்டா பிறகு எவ்வளவு சத்தம் வைச்சாலும் பியூஸ் நிண்டு பிடிக்குது. அம்ப் பக்கம் ஷோர்ட் இல்லை, பிரிட்ஜும் நல்லா இருக்கு.

வீடு பழசு, 15 அம்பியர் உருண்டை ஊசி பிளக். கடையில 10 அம்பியர் போடச் சொல்லுறாங்கள். போடலாமா? இல்லாட்டி ஸ்லோ புளோ (நேரம் எடுத்துப் போற பியூஸ்) எண்டா எத்தினை?

#2 குறுக்குத்தெரு_நானா (புறக்கோட்டை)

10 வாணாம் தம்பி. உருண்டை ஊசி பிளக்குக்குள்ள பியூஸ் இல்ல. சதுர ஊசி 13 அம்பியர் பிளக்குனா உள்ளுக்கு பிஎஸ் 1362 (பிரிட்டிஷ் தரம்) பியூஸ் ஒண்டு ஈக்கி. உங்கட பிளக்குல அந்தக் காவல் இல்ல, மெஷினுக்குள்ள ஈக்கிற கண்ணாடி பியூஸ விட்டா அடுத்தது டிபி பெட்டியில (வீட்டு மெயின் பெட்டி) ஈக்கிற எம்சிபி (கரண்ட் கூடினா தானாத் தட்டுற சுவிட்ச்) தான்.

மொதல்ல போன பியூஸ வெளிச்சத்துல புடிச்சிப் பாருங்க. கம்பி அறுந்து கண்ணாடி தெளிவா ஈந்தா ஓவர்லோட். உள்பக்கம் முழுக்கக் கறுத்து, வெள்ளி பூசின மாதிரி மினுங்கினா ஷோர்ட். எப்பிடி ஈக்கி?

#3 கப்பாசிட்டர்_தம்பி

கறுப்பு இல்லை நானா. நடுவில அறுந்திருக்கு, ரெண்டு முனையிலயும் சின்னக் குமிழ். கண்ணாடியில ஒரு இடத்தில மட்டும் லேசாப் பனி படிஞ்ச மாதிரி ஒரு திட்டு.

#4 ஓம்_விதி (கொட்டாஞ்சேனை)

அந்தத் திட்டு கம்பி ஆவியாகித் தெறித்ததற்கான அடையாளம். சாதாரண ஓவர்லோட் என்றால் அது வராது, முழு ஷோர்ட் என்றால் அதைவிட நிறைய வரும். இடைப்பட்டது என்றால் ஸ்டார்ட் சர்ஜ் என்றே எடுக்கலாம். நீங்கள் சொன்ன “சில நேரம்” என்பதும் அதோடு பொருந்துகிறது.

டொரோயிட்டுக்கு மிக மோசமான கணம், 230 வோல்ட் அலை பூச்சியத்தைக் கடக்கும்போது சுவிட்ச் விழுவது. அப்போது கோரில் காந்தப்பாயம் வழமையான உச்சத்தின் இரண்டு மடங்குவரை ஏறப் பார்க்கும். முந்தின தடவை ஓஃப் பண்ணும்போது கோரில் மிஞ்சிய காந்தமும் அதே திசையில் இருந்தால் இன்னும் மேலே. கோர் நிரம்பியதும் பிரைமரி வெறும் செப்புக் கம்பிதான். 500 விஏ டொரோயிட்டில் அது ஏறக்குறைய 2 ஓம். வீட்டு லைன் 0.5 ஓம் என்றால் 325 ஐ 2.5 ஆல் வகுக்க 130 அம்பியர். அது மேல் எல்லை, நடைமுறையில் 60 முதல் 100 வரை எதிர்பார்க்கலாம். அலையின் உச்சத்தில் சுவிட்ச் விழுந்தால் கோர் நிரம்பாது, பியூஸும் போகாது. இ-ஐ கோரில் (இ, ஐ வடிவத் தகடுகளை அடுக்கியது) தகடுகள் சேரும் இடங்களில் சிறு காற்று இடைவெளி இருப்பதால் மிஞ்சும் காந்தம் குறைவு. டொரோயிட்டில் அந்த இடைவெளி கிடையாது.

இனி ஸ்லோ புளோ என்றால் என்ன என்று பார்ப்போம். ஐஇசி 60127 என்ற சர்வதேசத் தரத்தில் 5×20 கண்ணாடி பியூஸுக்கு எழுதியிருப்பது இது. டி வகை (ஸ்லோ புளோ) தன் அம்பியர் அளவின் 2.1 மடங்கில் 2 நிமிடத்துக்குள் போக வேண்டும். 2.75 மடங்கில் 0.6 முதல் 10 செக்கன், 4 மடங்கில் 0.15 முதல் 3 செக்கன், 10 மடங்கில் 20 முதல் 300 மில்லிசெக்கன். எஃப் வகை 10 மடங்கில் 20 மில்லிசெக்கனுக்குள் போயே ஆக வேண்டும். அதாவது 10 மடங்கில் மிக மந்தமான எஃப் முடியும் இடத்தில்தான் மிக வேகமான டி தொடங்குகிறது.

இரண்டுமே 1.5 மடங்கை ஒரு மணித்தியாலம் தாங்க வேண்டும். “ஸ்லோ புளோ கூடுதல் லோட் எடுக்கும்” என்று கடைகளில் சொல்வது சரியல்ல. அது கூடுதலாகத் தருவது நேரம் மட்டும்.

#5 கப்பாசிட்டர்_தம்பி

அப்ப டி 3.15 போட்டா முடிஞ்சுதா அண்ணை?

#6 ஓம்_விதி

முடியாது. கணக்கைப் பாருங்கள்.

முதலில் தொடர்ந்து ஓடும் கரண்ட்: 500 ஐ 230 ஆல் வகுக்க 2.17 அம்பியர். அதற்கு டி 2.5 அல்லது டி 3.15 பொருந்தும். (1, 1.25, 1.6, 2, 2.5, 3.15, 4, 5, 6.3 என்று ஒவ்வொன்றும் முந்தியதன் கிட்டத்தட்ட 1.25 மடங்கு. 3.15 என்ற விசித்திர இலக்கம் வருவது அதனால்தான்.)

அடுத்தது சர்ஜ். சில மில்லிசெக்கனுக்குள் வந்து போகும் கரண்டுக்கு அம்பியர் அளவு உதவாது, ஐ²டி தான் அளவு: கரண்டின் வர்க்கம் பெருக்கல் நேரம். 100 அம்பியர் உச்சம், 5 மில்லிசெக்கன் அகலம், அரைச் சைன் வடிவம் என்று எடுத்தால் பாதி × 10,000 × 0.005 = 25. பின்னால் தேய்ந்து வரும் துடிப்புகளுக்கு இன்னொரு 15 சேருங்கள். மொத்தம் 40.

பியூஸ் பக்கம்: டி வகை 10 மடங்கில் குறைந்தது 20 மில்லிசெக்கன் தாங்கும் என்பதால், அதன் ஐ²டி கிட்டத்தட்ட 2 × (அம்பியர் அளவின் வர்க்கம்). டி 3.15 க்கு 20, டி 5 க்கு 50, டி 6.3 க்கு 79, டி 8 க்கு 128. இது தரவுத்தாள் கையில் இல்லாதபோது போடும் கணக்கு மட்டுமே. மிகக் குறுகிய துடிப்பில் உண்மை மதிப்பு இதிலிருந்து விலகலாம், தரவுத்தாளில் உருகும் ஐ²டி தந்திருந்தால் அதையே எடுங்கள்.

40 ஐ டி 5 தாங்கும் போலத் தெரியும். ஆனால் பியூஸ் கம்பி ஒவ்வொரு துடிப்பிலும் சூடேறி நீண்டு சுருங்கிக் களைக்கும். லிட்டல்ஃபியூஸ் என்ற பியூஸ் கம்பனியின் வழிகாட்டியில் இதற்கு அளவு உண்டு. 100 தடவை ஓன் பண்ண வேண்டுமானால் சர்ஜ், உருகும் ஐ²டியில் 48 வீதத்துக்குள் இருக்க வேண்டும். 1,000 தடவைக்கு 38, 10,000 க்கு 29, ஒரு லட்சத்துக்கு 22. உங்கள் 40 என்பது டி 5 இல் 80 வீதம், டி 6.3 இல் 50, டி 8 இல் 31. நாளுக்கு ஒரு தடவை ஓன் பண்ணும் அம்ப்பில் டி 6.3 சில மாதத்தில் “காரணமே இல்லாமல்” போகும். வருடக்கணக்கில் நிற்க டி 8 வேண்டும்.

டி 8 போட்டால் 12 அம்பியரை ஒரு மணித்தியாலம் விடும். 230 ஆல் பெருக்கினால் 2,760 விஏ. 500 விஏ டொரோயிட் அதற்கு முன்பே வெந்துவிடும். ஆகவே சர்ஜுக்குப் பொருத்தமான பியூஸ் இந்த டிரான்ஸ்போமரைக் காக்காது, டிரான்ஸ்போமரைக் காக்கும் பியூஸ் சர்ஜைத் தாங்காது. சர்ஜைக் குறையுங்கள், பியூஸை டி 3.15 இல் விடுங்கள்.

#7 கம்பிக்காரன் (தெமட்டகொட)

இவ்வளவு கணக்கு எதுக்கு? ஓடுற கரண்டுக்கு ரெண்டு மடங்கு, ஸ்லோ புளோ, வேலை முடிஞ்சிச்சு. எல்லா பாஸும் அப்படித்தான் போடுறாங்க.

#8 ஓம்_விதி

50 விஏ இ-ஐ டிரான்ஸ்போமருக்கு அந்த விதி சரிதான். அதில் பிரைமரியே 30 ஓமுக்குக் கிட்ட, உச்சம் 10 அம்பியர்கூட வராது, டி 500 மில்லி அம்பியர் போட்டுவிட்டு மறந்துவிடலாம். 300 விஏக்கு மேல் டொரோயிட் என்று வந்தால் விஏ கூடக்கூட பிரைமரி ஓம் மிக வேகமாக இறங்கும், அங்கேதான் இரண்டு மடங்கு விதி உடைகிறது.

#9 கப்பாசிட்டர்_தம்பி

சரி, சர்ஜைக் குறைக்க சொஃப்ட் ஸ்டார்ட் (ஓன் பண்ணேக்க முதல்ல ரெசிஸ்டர் வழியா கரண்ட் விடுறது) போடுறன். என்ன ரெசிஸ்டர்?

#10 ஓம்_விதி

லைனில் தொடராக 47 ஓம், 25 வோட்ஸ் வயர்வூண்ட். கிடைக்காவிட்டால் 22 ஓம் 10 வோட்ஸ் சிமெந்து ரெசிஸ்டர் இரண்டு தொடராக. 325 ஐ 47 ஆல் வகுக்க உச்சமே 7 அம்பியர்தான், டி 3.15 க்கு இது 2.2 மடங்கு. டி வகை 2.75 மடங்கையே 0.6 செக்கன் தாங்கும். 0.3 முதல் 0.5 செக்கனில் ஒரு ரிலே ரெசிஸ்டரை ஷோர்ட் பண்ண வேண்டும். கொன்டாக்ட் 250 வோல்ட் ஏசி, 10 அம்பியருக்குக் குறையாமல். உங்கள் 40,000 மைக்ரோ ஃபரட் முழுதும் நிரம்ப 49 ஜூல் அளவு வேண்டும், அந்த நேரத்துக்குள் பெரும்பகுதி ஏறிவிடும்.

பலர் விடும் இடம் இது. ரிலே இழுக்காமல் போனால் என்ன ஆகும்? அம்ப் சும்மா இருக்கும்போது 0.2 அம்பியர்தான், ரெசிஸ்டரில் 2 வோட்ஸ், ஒன்றும் தெரியாது. பாட்டு ஏறி 1 அம்பியர் ஓடும்போது 47 வோட்ஸ், கருகும். பின்னால் முழு ஷோர்ட்டே வந்தாலும் 230 ஐ 47 ஆல் வகுக்க 4.9 அம்பியர். அது டி 3.15 இன் 1.55 மடங்குதான், பியூஸ் ஒரு மணித்தியாலம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம், ரெசிஸ்டரில் 1,100 வோட்ஸுக்கு மேல். ஆகவே ரெசிஸ்டரோடு உடம்பு ஒட்டி 130 பாகை தேர்மல் பியூஸ் ஒன்று, ரெசிஸ்டருக்குத் தொடராக, கட்டாயம். அதன் காலில் சோல்டர் வைக்கும்போது இடுக்கியால் பிடித்து வெப்பத்தை வெளியே எடுங்கள், அல்லது கிரிம்ப் பண்ணுங்கள். இரும்பு பட்ட சூட்டிலேயே அது போய்விடும்.

இன்னொன்று: ரிலேயை இழுக்கும் டைமரில், கப்பாசிட்டரை நிரப்பும் ரெசிஸ்டருக்குக் குறுக்கே டிஸ்சார்ஜ் டையோட் போடுங்கள். கரண்ட் அரைச் செக்கன் போய் வந்தால் டைமர் பழைய சார்ஜோடு நின்று, ரிலே உடனே இழுத்து, சொஃப்ட் ஸ்டார்ட் இல்லாத மாதிரி ஆகும்.

#11 மீட்டர்_மாமி (தெஹிவளை)

கரண்ட் போய் வாறது எண்டு சொன்னதால கேக்கிறன். டெஸ்க்டொப் சப்ளையில டி 3.15 செராமிக் பியூஸ். வழமையா ஓன் பண்ணேக்க பிரச்சினை இல்லை, கரண்ட் கட் ஆகி உடனே வந்தா மட்டும் போகுது. உள்ளுக்கு ‘5டி-11’ எண்டு கறுப்பு வட்டம் ஒண்டு இருக்கு. என்டிசி (சூடேறினா ஓம் இறங்கிற ரெசிஸ்டர்) எண்டு தெரியும். அது இருந்தும் ஏன்?

#12 ஓம்_விதி

அது சூடாக இருப்பதால்தான். கப்பாசிட்டர் நிரம்பும் சர்ஜுக்குக் கணக்கு சுலபம்: ஐ²டி = கப்பாசிட்டரின் சக்தி ÷ வழியிலுள்ள மொத்த ஓம். 220 மைக்ரோ ஃபரட் என்று வைப்போம். 230 இல் 6 வீதம் கூடினால் உச்சம் 345 வோல்ட், சக்தி 13 ஜூல். குளிர்ந்த 5 ஓமோடு வயர், பில்டர், டையோட் 1 ஓம் சேர்த்து 6 ஓம் என்றால் 2.2 வரும். டி 3.15 இன் 20 இல் அது 11 வீதம், ஆயுளுக்கும் பிரச்சினை இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் என்டிசி 0.5 ஓமுக்கு வந்திருக்கும். கரண்ட் போனதும் கப்பாசிட்டர் ஒரு செக்கனுக்குள் இறங்கிவிடும், என்டிசி ஆற ஒரு நிமிடமாவது வேண்டும். இடையில் கரண்ட் வந்தால் 1.5 ஓம், உச்சம் 230 அம்பியர், ஐ²டி 8.7. டி 3.15 இல் 44 வீதம். சில நூறு தடவைக்குள் பியூஸ் களைத்துப் போகும். பிரிட்ஜும் சேர்ந்து அடி வாங்கும்.

டி 5 ஆக்குவது தீர்வல்ல. கரண்ட் போனால் சுவரில் ஓஃப் பண்ணுங்கள், வந்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். 2025 பெப்ரவரி 9, பாணந்துறையில் குரங்கு ஏறியதாகச் சொன்ன நாள் மாதிரி நாடு முழுக்கப் போனால், வரும்போது ஒரே தடவையில் நிலையாக வரும் என்று நம்பவே வேண்டாம். யூபிஎஸ் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

#13 கம்பிக்காரன்

மாமி, பியூஸ மாத்த முந்தி பிரிட்ஜையும் மொஸ்ஃபெட்டையும் (சுவிட்ச் பண்ணுற டிரான்சிஸ்டர்) மீட்டர்ல பாருங்க. செராமிக் பியூஸ்ல கறுப்புத் தெரியாது, ஷோர்ட்டா சர்ஜா எண்டு கண்ணால சொல்ல ஏலாது. 100 வோட்ஸ் குண்டு பல்ப் தொடரா போட்டு ஓன் பண்ணுங்க. ஒருக்கா மின்னி மங்கினா நல்லம். பிரகாசமாவே நின்டா உள்ளுக்கு ஷோர்ட், புது பியூஸ் வீண்.

மோட்டர் பத்தி யாரும் பேசல்ல, நான் சொல்றேன். அரைக் குதிரைவலு தண்ணி மோட்டர் ஓடுறது 3 அம்பியர் அளவுல, ஸ்டார்ட்ல 15 முதல் 18, அதுவும் மில்லிசெக்கன் இல்ல, அரைச் செக்கனுக்கு மேல. அதுக்குக் கண்ணாடி பியூஸ் வேலைக்காகாது. சி வகை எம்சிபி 5 முதல் 10 மடங்குலதான் உடனே தட்டும், சி 10 எண்டா 50 அம்பியர் வரைக்கும் காந்தப் பக்கம் அசையாது, ஸ்டார்ட் சுகமா போகும். ஆனா மோட்டர் இறுகி நின்டா சி 10 தட்டுறதுக்குள்ள சுருள் கருகலாம், அதனால பெயர்ப்பலகையில உள்ள அம்பியருக்கு ஓவர்லோட் ரிலே செட் பண்ணணும். எம்சிபி வயருக்கு, ரிலே மோட்டருக்கு.

ஃப்ரிட்ஜுக்கு (குளிர்சாதனப் பெட்டி) சதுர ஊசி பிளக்குல 13 அம்பியர் பியூஸ், கபில நிறம். சிவப்பு 3 அம்பியர் போட்டா கொஞ்ச நாள் ஓடும், பிறகு ஸ்டார்ட்ல போகும். கரண்ட் வந்த உடனே கொம்ப்ரஸர் எடுக்கப் பார்த்தா உள்ளுக்குள்ள அழுத்தம் இறங்கியிருக்காது, இறுகும். 3 முதல் 5 நிமிஷம் டிலே உள்ள ‘கார்ட்’ (பாதுகாப்புப் பெட்டி) ஒண்டு போடுங்க.

#14 கப்பாசிட்டர்_தம்பி

நானா, வாங்கேக்க என்ன பாக்கிறது? டி எண்டு கேட்டா சிலர் எதையோ தாறாங்கள்.

#15 குறுக்குத்தெரு_நானா

முனைத் தொப்பியில பொடி எழுத்துல அடிச்சீக்கும், போன் கெமராவால பெருசாக்கிப் பாருங்க. ‘டி 3.15 ஏ எல் 250 வி’. டி எண்டா நேரம் எடுக்கும், எஃப் வேகம், எஃப் எஃப் அதிவேகம். எல் எண்டா குறைஞ்ச உடைப்பு (ஷோர்ட்ல பியூஸ் பாதுகாப்பா அறுக்கக்கூடிய கரண்ட்): 35 அம்பியர், இல்லாட்டி பியூஸ் அளவுல 10 மடங்கு, எது கூடவோ அது. எச் எண்டா 1,500 அம்பியர், மணல் நெரப்பின செராமிக். டிபி பெட்டிக்குக் கிட்ட உள்ள சொக்கட்டுல ஷோர்ட் ஆனா நூத்துக்கணக்குல அம்பியர் வரும், எல் கண்ணாடி வெடிச்சி ஹோல்டருக்குள்ளயே ஆர்க் நிக்கலாம். உருண்டை ஊசி பிளக் வீட்டுக்கு நான் எச் தான் கொடுப்பேன். வெல வித்தியாசம் சின்னது.

கண்ணாடியில டி வகைய கண்ணாலயும் புடிக்கலாம். கம்பி நடுவுல ஈயப் பொட்டு மாதிரி ஒரு துளி, இல்லாட்டி வெள்ள நூல்ல சுத்தின சுருள், இல்லாட்டி ஸ்பிரிங். ஒண்டும் இல்லாம நேர் கம்பியா ஈந்தா சந்தேகப்படுங்க. மீட்டர்ல ஓம் அளந்து டி, எஃப் புடிக்க ஏலாது.

கார் பியூஸ் கண்ணாடியில நீளமானது ஒண்டு ஈக்கி, 32 வோல்ட். 230 வோல்ட்டுக்கான 6.3×32 பியூஸோட பக்கத்துல வெச்சா ஒரே மாதிரி. 230 ல போட்டா கம்பி உருகினாப் பொறகும் ஆர்க் அணையாது.

#16 ஓம்_விதி

நானா சொன்ன துளி வெள்ளீயம். செப்பு 1,000 பாகைக்கு மேல் உருகும், வெள்ளீயம் 232 இல். துளி உருகி செப்பைக் கரைத்துக்கொண்டு போக நேரம் எடுக்கிறது, அந்த நேரமே ‘ஸ்லோ’. 1939 இல் மெட்காஃப் விவரித்ததால் எம் விளைவு என்பார்கள்.

அமெரிக்கச் சாதனத்தில் யூஎல் (அமெரிக்கத் தரம்) பியூஸ் இருந்தால் அதே இலக்கத்தில் ஐஇசி போடாதீர்கள். யூஎல் 3 அம்பியர் 135 வீதத்தில், அதாவது 4.05 இல், ஒரு மணித்தியாலத்துக்குள் போக வேண்டும். ஐஇசி 3.15 அதே ஒரு மணித்தியாலம் 4.7 ஐத் தாங்க வேண்டும். யூஎல் பியூஸை முக்கால்வாசி லோடுக்குத்தான் தெரிவு செய்வார்கள்.

#17 மீட்டர்_மாமி

பியூஸ் கிடைக்கும் வரை பிளெக்ஸ் வயரில ஒரு இழை சுத்தலாம் எண்டு அடுத்த வீட்டுத் தம்பி சொல்லுறார். அது எத்தினை அம்பியர் வரும்?

#18 கம்பிக்காரன்

0.75 சதுர மில்லி பிளெக்ஸ்ல 24 இழை, ஒவ்வொண்டும் 0.2 மில்லிமீட்டர். அது பழைய கட்அவுட் (கம்பி மாட்டுற பியூஸ்) கணக்குல 5 அம்பியர் கம்பி, உருக அதையும் தாண்டணும். அணைக்கிறதுக்கு மணலும் இல்ல. சுத்தவே வேணாம் மாமி.

#19 கப்பாசிட்டர்_தம்பி

கடைசியா ரெண்டு கேள்வி. பின் பனலில ஹோல்டருக்கு லைவ் எந்தக் காலில? செகண்டரியிலயும் பியூஸ் வேணுமா?

#20 ஓம்_விதி

லைவ் முதலில் ஹோல்டருக்கு, பிறகு சுவிட்ச், பிறகு சொஃப்ட் ஸ்டார்ட். ஹோல்டரில் லைவ் வரவேண்டியது அடிமுனைக் காலுக்கு, பக்கக் கால் சுவிட்சுக்கு. மாறிக் கொடுத்தால் பிளக்கைக் கழற்றாமல் மூடியைத் திருகும்போது விரலுக்குக் கிட்ட வரும் உலோகம் லைவ். உருண்டை ஊசியில் லைவ், நியூட்ரல் சுவரில் மாறியிருக்கிறதா என்று டெஸ்டரால் ஒருமுறை பாருங்கள். மாறியிருந்தால் பியூஸ் போன பிறகும் உள்ளே 230 நிற்கும்.

செகண்டரியில் பிரிட்ஜுக்கு முன்னால் போடுவதென்றால் டிசி கரண்டைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள். கப்பாசிட்டர் நிரம்புவது குறுகிய துடிப்புகளாக, ஆர்எம்எஸ் (பியூஸைச் சூடாக்கும் பயனுள்ள கரண்ட்) டிசியின் 1.6 முதல் 1.8 மடங்கு. 3 அம்பியர் டிசிக்கு ஏசி பக்கம் 5 அம்பியர் ஓடும், கப்பாசிட்டர் சர்ஜும் அந்தப் பியூஸ் வழியேதான், ஆகவே டி 6.3. கப்பாசிட்டருக்குப் பின்னால் ரெயிலில் போட்டால் சர்ஜ் இல்லை, எஃப் வகை போதும். ஆனால் ஒரு ரெயில் மட்டும் போனால் அவுட்புட் மற்ற ரெயில் பக்கம் ஓடி ஸ்பீக்கர் சுருள் போகும். டிசி புரொடெக்ஷன் ரிலே (அவுட்புட்டில் டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிப்பது) இல்லாமல் ரெயில் பியூஸ் வைக்க வேண்டாம்.

#21 குறுக்குத்தெரு_நானா

பழைய ஹோல்டர்ல ஸ்பிரிங் தளந்து ஈக்கும், அதையும் மாத்துங்க. இறுக்கம் இல்லாட்டி தொப்பி சூடேறி, சரியான பியூஸ்கூட சரியான லோட்ல அறுந்துடும், துளி உள்ளது இன்னும் சுருக்கா. ஒரு மணித்தியாலம் ஓட விட்டு, பிளக்கக் கழட்டி, தொப்பியத் தொட்டுப் பாருங்க. கை வெக்க ஏலாத சூடுன்னா பியூஸ கூட்டாதீங்க, ஹோல்டர மாத்துங்க.